பதினேழாம் எண்ணின் சொந்த ஊர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் கையில் ஆய்வகக் கையேடு ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். அதில் வயலில் மண் மாதிரி எடுப்பது எப்படி என்று ஏழு பக்கங்கள் உண்டு. அந்த ஏழு பக்கங்களையும் எழுதியவள் நான். எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எத்தனை இடங்களில் தோண்டுவது, பையின் மேல் எதை முதலில் எழுதுவது, பேனா என்ன நிறம் என்பது வரை அதில் இருக்கிறது. விருப்ப ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு அதை எடுத்து ஒருமுறை படித்தேன். பிழை என்று ஒன்றும் இல்லை. என் பணிக்காலத்தின் மிகப் பெரிய குளறுபடியை அந்தக் கையேட்டின் ஒரு வரியையும் மீறாமல்தான் செய்தேன் என்பதுதான் சங்கடம்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒன்று, நீள நோட்டு, பின்பக்கத்தில் பொருளகராதி. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு நாளும் விட்டதில்லை. இங்கே நான் சொல்பவை அந்த நோட்டுகளைப் பார்த்துச் சொல்பவை. அதனால் நேரமும் எண்ணிக்கையும் சரியாக இருக்கும். மற்றவை சரியாக இருக்குமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அப்போது என்னிடம் ஆய்வு மாணவியாக ஜெசிந்தா இருந்தாள். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதிகம் பேசமாட்டாள். ஒரு கேள்வி கேட்டால் கூரையைப் பார்த்து யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். நம் மாவட்டத்துக் கடலைக் கொல்லைகளின் மண்ணில் என்னென்ன பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று பிரித்து வகைப்படுத்துவது அவள் ஆய்வு. அதற்காக அன்னவாசல் சாலையில் சித்தன்னவாசல் விலக்கைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சிற்றூரில் சுப்பையா என்கிற விவசாயியின் கொல்லையைத் தேர்ந்தெடுத்தோம். கடலை எடுத்துவிட்டுச் சும்மா போட்டிருந்த செம்மண் நிலம். ஒரு வைகாசி மாதத்து மத்தியானம் போய் ஐந்து பைகளில் மண் எடுத்து வந்தோம்.

அந்த மண்ணிலிருந்து வளர்ந்தவற்றில் பதினேழாவது எண் கொடுத்த ஒன்று, மற்றவற்றைப் போல இல்லை. தட்டில் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில், ஓரம் சுருங்கிய சின்னச் சின்னப் பொட்டுகளாக வளர்ந்தது. அதன் மரபணு வரிசையை ஏற்கெனவே பெயர் வைத்த பாக்டீரியாக்களோடு ஒப்பிட்டால், கிட்டத்துச் சொந்தம் என்று வந்து நின்றதுகூட மூன்று தலைமுறை தள்ளிய பங்காளியாகத்தான் இருந்தது. புதிய இனம். இதுவரை யாரும் பெயர் வைக்காதது. ஜெசிந்தா அன்று கூரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கு இன்னொரு குணமும் இருந்தது. யாரோ சரியாக அலசாமல் வைத்த ஒரு கண்ணாடிக் குடுவையில் சோப்பு மிச்சமிருந்தது. அதில் ஊற்றிய மற்ற பாக்டீரியாக்கள் எல்லாம் செத்துப்போயின. பதினேழு மட்டும் கொழுத்துப் போயிருந்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். சந்தேகமே இல்லை, அது சோப்பைத் தின்றது.

கடலைக் கொல்லையில் இருக்கும் ஒரு பாக்டீரியாவுக்குச் சோப்புத் தின்னும் பழக்கம் எங்கிருந்து வந்தது? இந்த இடத்தில் நான் பேனாவை எடுத்தேன். கடலைச் செடியில் இயற்கையாகவே நுரைக்கும் தன்மையுள்ள பொருள் ஒன்று உண்டு. பல தலைமுறைகளாகக் கடலை பயிரிட்ட மண்ணில், வேரோடு கூடி வாழ்ந்து, அந்த நுரைப் பொருளைத் தின்னப் பழகி, அதன் வழியாகச் சோப்பையும் தின்னும் ஆற்றலைப் பதினேழு பெற்றிருக்க வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். எங்கள் துறைத் தலைவர் அதைப் படித்துவிட்டு, உழவரும் பயிரும் நுண்ணுயிரும் சேர்ந்து நடத்திய நெடும்பயணம் என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். இனத்துக்குக் கடலையைக் குறிக்கும் ஒரு லத்தீன் பெயரையும் வைத்தோம். கட்டுரை ஒரு சர்வதேச ஆய்விதழுக்குப் போனது. ஜெசிந்தாவின் ஆய்வேட்டில் ஐந்து அத்தியாயங்கள். அதில் மூன்று பதினேழைப் பற்றியவை.

புதிய இனத்துக்கு வைக்கும் பெயர் செல்ல வேண்டுமானால், உயிருள்ள அந்த பாக்டீரியாவை இரண்டு வெவ்வேறு நாடுகளில் இருக்கும் சேமிப்பகங்களுக்கு அனுப்பி, அவை பெற்றுக்கொண்டதாகச் சான்று வாங்க வேண்டும். நாங்கள் அனுப்பினோம். வெளிநாட்டுப் பொதி சுங்கத்தில் பல நாள் வெயில் காய்ந்து, போய்ச் சேர்ந்தபோது ஒன்றும் முளைக்கவில்லை. உள்நாட்டுக்காரர்கள், வந்ததில் வேறு ஏதோ ஒன்றுதான் வளர்கிறது, புதிதாக அனுப்புங்கள் என்றார்கள். இரண்டு கடிதங்களும் ஒரே வாரத்தில் வந்தன. ஆய்விதழ் மூன்று மாதம் கெடு வைத்தது. ஜெசிந்தா ஆய்வேட்டைக் கொடுக்கக் கேட்டு வாங்கிய நீட்டிப்பும் ஏறக்குறைய அதே சமயத்தில் முடிந்துவிடும். நான் பதறவில்லை. எங்கள் உறைபெட்டியில் பதினேழின் ஆறு குப்பிகள் பத்திரமாக இருந்தன. ஆயுத பூஜை விடுமுறை கழித்து அனுப்பிக்கொள்ளலாம் என்றேன்.

ஆயுத பூஜைக்கு ஆய்வகத்தைச் சுத்தம் செய்வதற்கு நான் ஒரு பட்டியல் வைத்திருப்பேன். ஒவ்வொரு கருவிக்கும் எதிரே மூன்று கட்டங்கள். துடைத்தது, பொட்டு வைத்தது, ஊதுபத்தி காட்டியது. உதவியாளர் முருகையன் ஒவ்வொன்றாக முடித்து டிக் அடித்துக்கொண்டே போவார். அந்த வருடம் அவர் உறைபெட்டியை நகர்த்தி அதன் பின்புறத்தையும் துடைத்திருந்தார். அதுவரை யாரும் செய்யாத வேலை. நகர்த்துவதற்காகப் பிளக்கைப் பிடுங்கினார். துடைத்தார், நகர்த்தினார், சந்தனம் குங்குமம் வைத்தார், ஊதுபத்தி காட்டினார். என் பட்டியலில் நான்காவது கட்டம் இல்லை.

பூஜை, அதற்கு அடுத்த நாள், சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு நான் கதவைத் திறந்தபோது உறைபெட்டி மூன்று பொட்டோடு மங்களகரமாக நின்றது. அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

முருகையன் பிளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பட்டியல் என்னுடையது. போதாததற்கு அதன் பதினோராவது வரி, பழைய வளர்ப்புத் தட்டுகளை எல்லாம் அவித்துக் கொட்டவும் என்றது. பதினேழு வளர்ந்திருந்த கடைசித் தட்டையும் அப்படித்தான் கொட்டியிருந்தோம்.

குப்பிகளை எல்லாம் எழுப்பிப் பார்த்தோம். முரட்டு ஜாதிகள் பல பிழைத்துக்கொண்டன. பதினேழு சொகுசுக்காரி. ஆறு குப்பிகளில் ஒன்றும் எழவில்லை. வைகாசியில் எடுத்து வந்த மண்ணும் எப்போதோ தீர்ந்திருந்தது. இனி ஒரே வழி, மறுபடி சுப்பையாவின் கொல்லைக்குப் போய்த் தோண்டிப் பிரித்தெடுப்பது.

போனோம். என் நோட்டில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருந்தன. மழை பெய்து மண் பதமாக இருந்தது. சுப்பையா வந்து கூட நின்றார், மண்வெட்டி எடுத்துக் கொடுத்தார், பாம்பு இருக்கும் பார்த்து வாருங்கள் என்றார். தோண்டினோம், கொண்டு வந்தோம், பத்து நாள் வளர்த்தோம். பதினேழு இல்லை. மறுபடி போனோம். இல்லை. மூன்றாம் முறை கொல்லையை நூல் பிடித்துக் கட்டம் போட்டு இருபது இடத்தில் எடுத்தோம். சுப்பையா தன் கொல்லையில் வீடு கட்டப்போகிறீர்களா என்று கேட்டார். அதிலும் இல்லை.

கெடு பாதி கரைந்துவிட்டது. ஜெசிந்தா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போவதைக் கவனித்தேன். துறையில், அப்படி ஒரு பாக்டீரியா முதலிலேயே இருந்ததா என்று ஒருவர் என் காதுபடக் கேட்டார். அதில் நியாயம் உண்டு. உயிரோடு இல்லாத ஒன்றைக் காட்டி டாக்டர் பட்டம் கேட்க முடியாது.

ஒரு நாள் காலை பத்தே முக்கால் மணிக்கு என் பழைய நோட்டை எடுத்து, மண் எடுத்த நாளின் பக்கத்தைப் படித்தேன். பல தடவை படித்த பக்கம்தான். ஆனால் அதுவரை எண்களை மட்டும் பார்த்திருந்தேன். இப்போது மேலிருந்து கீழாக வரிவரியாக வாசித்தேன். அப்படியே தருகிறேன்.

"கடைசி மழை பெய்து நாற்பத்தொரு நாள். தரை வெடித்திருக்கிறது. நிழலில்கூட நிற்க முடியவில்லை. சுப்பையா வீட்டில் நுங்கு வெட்டிக் கொடுத்தார்கள். நான் ஐந்து. ஜெசிந்தா மூன்று. மண் மாதிரி ஐந்து பைகள், ஐந்து இடங்கள், ஆழம் பதினைந்து சென்டிமீட்டர். மண் கருஞ்சிவப்பு. நல்ல ஈரம். பைகளின் உட்புறம் நீர் முத்துகள்."

நாற்பத்தொரு நாள் மழையில்லாத வெடித்த கொல்லை. நல்ல ஈரம். இரண்டுக்கும் நடுவில் ஐந்து நுங்கு. ஒன்றரை வருடமாக அந்தப் பக்கம் என் மேசையில் இருந்திருக்கிறது. யார் எத்தனை நுங்கு சாப்பிட்டோம் என்று எழுதியவள், மண்ணை யார் தோண்டியது என்று எழுதவில்லை. கையேட்டின் ஏழு பக்கங்களிலும்கூட அது இல்லை. தோண்டுவது நாம்தான் என்று வைத்துக்கொண்டுதான் அதை எழுதியிருந்தேன்.

சுப்பையாவுக்குப் போன் போட்டேன். அன்று நாங்கள் நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள்தானே மண் எடுத்து வந்தீர்கள், அது எந்த இடம் என்று கேட்டேன்.

"நம்ம எடத்துலதாங்க."

"கொல்லையிலயாண்ணே?"



"கொல்லைக்குத்தான் மேடம் போனேன். கடப்பாரை எறங்க மாட்டேன்னுருச்சு. நங்கு நங்குன்னு சத்தம்தான் வருது. நீங்க டவுன்ல இருந்து வந்து ஒக்காந்திருக்கீங்க, காக்க வைக்கக் கூடாதுல்ல. வீட்டுக்குப் பின்னால துவைக்கிற கல்லுக்கிட்ட நல்லா பொதபொதன்னு இருந்துச்சு. நாலு கொத்து, பை நெறஞ்சிருச்சு."

"அஞ்சு பையுமா?"

"அஞ்சும் அங்கதாங்க. பைதான் வேற வேற."

மூன்று தடவை நாங்கள் கொல்லையைக் கிளறியபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார். தவிர, அது போன வருடத்து வேலை, இது இந்த வருடத்து வேலை என்று நினைத்தாராம். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. விருந்தாளிக்கு இருப்பதில் நல்லதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். மண்ணாக இருந்தாலும்.

நான் போனைப் பிடித்தபடியே என் கட்டுரையின் அந்த இரண்டு பக்கங்களை நினைத்துப் பார்த்தேன். பல தலைமுறைக் கடலை வேர், நுரைப் பொருள், நெடும்பயணம். எல்லாம் சுப்பையாவின் மனைவி பொன்னழகு தினமும் காலையில் துணி துவைத்த தண்ணீர். பதினேழு சோப்புத் தின்றதில் ஆச்சரியமே இல்லை. அதற்கு அங்கே வேறு சாப்பாடு கிடையாது.

இங்கே நான் இரண்டாவது தவறைச் செய்தேன். சந்தோஷத்தில் செய்தது. அந்தத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான் அண்ணே அந்தக் கிருமி இருக்கிறது, நாங்கள் உடனே வருகிறோம், யாரும் கிட்டப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். என்ன சொல்கிறோம் என்பதைக் கேட்பவர் இடத்தில் நின்று யோசித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு மணி நேரத்தில் போய் இறங்கினோம். தெரு முனையிலேயே நாற்றம் மூக்கைத் துளைத்தது. வீட்டின் பின்புறம் துவைக்கிற கல்லைச் சுற்றி நிலம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. பொன்னழகு முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, கையில் தண்ணீர் வாளியோடு நின்றார்.

"கவலப்படாதீங்க மேடம்," என்றார். "ரெண்டு பாக்கெட் பிளீச்சிங் பவுடர், ஒரு பாட்டில் பினாயில். இனி ஒண்ணும் எந்திரிக்காது."

ஜெசிந்தா என் பக்கத்தில் மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முருகையன் உறைபெட்டி முன் உட்கார்ந்ததைப் போலவே இருந்தது.

பொன்னழகுக்குக் கோபமும் இருந்தது. இருபத்தைந்து வருடமாக இந்தக் கல்லில் துவைக்கிறேன், எங்கள் வீட்டில் கிருமி என்று இதுவரை ஒரு ஆள் சொன்னதில்லை, இந்த மனுசன் போனில் பேசியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டில் அதற்குள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள் என்றார். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே, பவுடரை அலசி விடுவதற்காக வாளியைத் தூக்கினார்.

இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பாழாகிப் போன இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அங்கிருந்து எது எங்கே போகிறது என்று பாருங்கள். நான் தரையைப் பார்த்தேன். கல்லடியிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் கிளம்பி, வேலி ஓரமாக இருந்த வாழைக்குப் போனது. துவைத்த தண்ணீர் இருபத்தைந்து வருடமாக அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். கல்லடி வெள்ளையாக இருந்தது. வாழையடி இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. வாளித் தண்ணீர் விழுந்தால் பவுடர் முழுக்க அங்கே போய்ச் சேரும்.

நான் செருப்புக் காலை வாய்க்காலில் வைத்து, கையால் மண்ணைத் தள்ளி அணை போட்டேன். அணைக்கட்டு வேலை எனக்குப் பழக்கம் இல்லை. புடவை முழங்கால் வரை சேறு. பொன்னழகு வாளியைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க?"

விளக்கம் சொல்லலாம் என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். அறிவியலை எல்லாம் விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன். "இந்தப் புள்ளையோட அஞ்சு வருஷப் படிப்பு ஒங்க வாழைக்கு அடியிலதான் இருக்கு. அந்தக் கிருமி நோய்க் கிருமி இல்ல. சோப்பத் திங்கிற கிருமி. ஒலகத்துலயே வேற எங்கயும் இருக்குன்னு எங்களுக்குத் தெரியல. நான்தான் தப்பா சொல்லிப்புட்டேன்."

பொன்னழகு ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது, பிளீச்சிங் பவுடராலும் இருக்கலாம். வாளியைக் கீழே வைத்தார்.

"மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா பினாயில் மிச்சம்," என்றார். பிறகு ஜெசிந்தாவிடம், "எந்திரி ஆத்தா. வாழைக்கு நான் ஒண்ணும் ஊத்தல. குலை தள்ளியிருக்கு, கருகிப்போயிருமேன்னு விட்டுட்டேன்."

அந்தக் குலைக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். அன்று நாங்கள் எங்கள் கையால் தோண்டினோம். பதினொரு நாள் கழித்து, காலை எட்டு ஐம்பதுக்கு, வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் ஓரம் சுருங்கிய நான்கு பொட்டுகள் தட்டில் இருந்தன. மரபணு வரிசை பழைய பதிவோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால், நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள்தான். பாக்டீரியா கிடைத்துவிட்டது. கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. ஆனால் ஆய்விதழின் கையில் இருந்த கட்டுரை கடலைக் கொல்லை என்றது, பெயரே கடலையின் பெயர். உண்மை துவைக்கிற கல்.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். யாருக்கும் கஷ்டம் வரக் கூடாது என்று நினைப்பவர். அதனால் உண்மைக்கும் கொஞ்சம் நெளிவு சுளிவு இருக்கலாம் என்று நினைப்பவர். ஒரு கேள்வி கேட்டார்.

"கொல்லையும் வீடும் ஒரே சர்வே நம்பரா?"

ஒரே நம்பர்தான் என்றேன்.

"அப்புறம் என்னம்மா? பாக்டீரியா சர்வே நம்பருக்குள்ளதான இருக்கு. பட்டாப்படி அது கடலை நிலம். குப்பிய அனுப்பிச் சான்ற வாங்குங்க. அந்தப் பொண்ணு வாழ்க்கையப் பாருங்க."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. அன்று மாலையே, மாதிரிகள் மீண்டும் அனுப்பப்படுகின்றன என்று மட்டும் ஒரு வரிக் கடிதம் தயாரித்தேன். அதில் பொய் ஒன்றும் கிடையாது. என் நாட்குறிப்பில் அன்று வானிலையைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன். இத்தனை வருட நோட்டுகளில் அப்படி ஒரே ஒரு பக்கம்தான் இருக்கிறது.

கடிதத்தை ஜெசிந்தாவிடம் காட்டினேன். கட்டுரையைத் திரும்பப் பெற்றால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆய்வேட்டுக் கெடு தவறும். மறு நீட்டிப்புக் கிடைத்தாலும் உதவித்தொகை நின்றுவிடும். தம்பி, தங்கை இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"மேடம், நாளைக்கு யாராவது நம்ம கட்டுரையப் படிச்சிட்டு இந்தக் கிருமியத் தேடிக்கிட்டு வந்தா, எங்க தோண்டுவாங்க?"

கடலைக் கொல்லையில் என்றேன்.

"நாம மூணு தடவை தோண்டுனோம்ல? அவங்களும் தோண்டட்டும்னு விட்டுருவோமா?"

நான் கடிதத்தைக் கிழித்தேன். எனக்கும் அவளுக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான். தலைவரிடம் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டார், ஆனால் மறுப்புச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். தன் நெடும்பயண வாக்கியத்தையாவது எங்கேயாவது வைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கேட்டார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். ஜெசிந்தா திருமயத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தாள். சனி ஞாயிறுகளில் ஆய்வகத்துக்கு வருவாள். பஸ் இறங்கி நேராக வந்து, பரீட்சைத்தாள் கட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தட்டுகளை எடுப்பாள். அப்படி எட்டு மாதம். கல்லடி, வாய்க்கால், வாழையடி, கொல்லை என்று நான்கு இடங்களிலும் மண் எடுத்து, பதினேழு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று காட்டினாள். பிளீச்சிங் பவுடர் போட்ட கல்லடியில் அது எத்தனை மாதத்தில் திரும்பி வந்தது என்பதும் ஒரு படமாக வந்தது. பொன்னழகு கொட்டிய இரண்டு பாக்கெட்டும் ஒரு பரிசோதனை ஆகிவிட்டது. எங்கள் குளறுபடி எப்படி நடந்தது, எப்படித் தெரிந்தது என்பதைத் தனி அத்தியாயமாக எழுதினாள். ஐந்து நுங்கு உட்பட. அதை எடுத்துவிடச் சொல்ல எனக்கு ஆசைதான்.

புதிய கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. பெயரிலிருந்து கடலை போய், நுரையைக் குறிக்கும் சொல் வந்தது. இரண்டு நாட்டுச் சேமிப்பகங்களும் சான்று கொடுத்தன. கடைசியாக, ஆய்வேட்டுக்கான பொது வாய்மொழித் தேர்வு.

இந்தத் தேர்வைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அரங்கு எல்லோருக்கும் திறந்திருக்கும். தேர்வாளர் கேட்டு முடித்ததும் அவையில் இருப்பவர் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஆய்வாளர் பதில் சொல்ல வேண்டும். வழக்கமாக யாரும் கேட்பதில்லை, டீ ஆறிவிடும். அன்று ஜெசிந்தாவின் அப்பா அம்மாவோடு சுப்பையாவும் பொன்னழகும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தேர்வாளர் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். ஆய்வேட்டில் மஞ்சள் சீட்டுகள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு மணி நேரம் கேட்டார். கடைசியாக அந்தத் தனி அத்தியாயத்தைப் புரட்டினார். நீங்களே சொல்லவில்லை என்றால் இது யாருக்கும் தெரிந்திருக்காது, பிறகு ஏன் ஒரு அத்தியாயம் என்று கேட்டார்.

ஜெசிந்தா கூரையைப் பார்த்தாள்.

"அது இல்லன்னா சார், மத்த அத்தியாயம் எல்லாம் எந்த எடத்தப் பத்தினதுன்னு எனக்கே தெரியாது."

தேர்வாளர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார். அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று சம்பிரதாயமாகக் கேட்டார். பொன்னழகு எழுந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணு கேக்கணுங்க. அந்தக் கிருமி சோப்பத் திங்குதுன்னு இந்தப் புள்ள சொல்லுச்சு. கல்லு மேல வச்ச கட்டியவும் திங்குமா?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தார். அன்று அவர் கேட்ட எந்தக் கேள்வியைவிடவும் இதற்கு அவர் பதிலை எதிர்பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. வேடிக்கையாக ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ஊரில் தெரிந்தவர் ஆசையாகக் கேட்கும்போது ஆமாம் என்று சொல்லிவிடவும் யாருக்கும் தோன்றும்.

"கட்டியத் திங்காதுங்கம்மா," என்றாள் ஜெசிந்தா. "தண்ணியில கரைஞ்சு மண்ணுல எறங்குனாத்தான் திங்கும். அதுவும் ஒரு நாளைக்கு ரொம்பக் கொஞ்சம்."

"மாசம் மூணு கட்டி கொறையுதே. அது இது இல்லையா?"

"இல்லங்க."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. வச்சுப் பாத்திருக்கோம்."

பொன்னழகு மெதுவாகத் திரும்பி, பக்கத்தில் இருந்த கணவரைப் பார்த்தார். சுப்பையா மேடையில் இருந்த திரையை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை உண்டு. அந்தப் பக்கத்தில் அதைப்போலப் பளபளப்பான காளை கிடையாது.

"கிருமிதான் திங்குதுன்னு இந்த மனுசன் சொன்னத ஒரு வருசமா நம்பிக்கிட்டு இருந்தேன்," என்று அவையிடம் சொல்லிவிட்டுப் பொன்னழகு உட்கார்ந்தார்.

அப்போதுதான் தேர்வாளர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அறிக்கையை எடுத்து, அவையில் எழுந்த கேள்விகளுக்கு ஆய்வாளர் ஐயத்துக்கு இடமின்றிப் பதிலளித்தார் என்று எழுதி, பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டார். மணி நான்கு பத்து. ஜெசிந்தாவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்ததும், சுப்பையா மாட்டிக்கொண்டதும் ஒரே பதிலில்தான்.